நிலக்கரி இழுத்த டக்குக்குப் பீரங்கி வந்த கதை: கானஸ்டோகா பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "முதல் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை கானஸ்டோகா என்ற தனியார் டக் படகை வாங்கித் தன் கப்பல் பட்டியலில் சேர்த்தது. போரெல்லாம் முடிந்த பிறகு, 1921-ல், அது 56 பேரோடு காணாமல் போனது. 2016-ல்தான் கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். சரக்குப் படகு இழுக்கிற டக்கால் கடற்படைக்கு என்ன பிரயோஜனம்? இவ்வளவு காலம் ஏன் கிடைக்கவில்லை? கடலடியில் கிடக்கிற துருப்பிடித்த இரும்பைப் பார்த்து இதுதான் அது என்று எப்படிச் சொன்னார்கள்?"

மூன்றாவது கேள்விக்கான பதில்தான் என்னை இந்தக் கப்பலோடு கட்டிப்போட்டது. அந்தக் கப்பலுக்கு இரண்டு வாழ்க்கை இருந்தது. இரண்டின் தடயமும் ஒரே இடத்தில் கிடைத்ததால்தான் அதன் பெயர் திரும்பி வந்தது. அதனால் முதல் வாழ்க்கையிலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

டக் என்றதும் துறைமுகத்துக்குள் பெரிய கப்பலை முட்டித் தள்ளிக் கரையோடு அணைத்து நிறுத்துகிற சின்னப் படகுதான் பலருக்கு நினைவு வரும். கானஸ்டோகா அந்த ரகம் இல்லை. 170 அடி நீளம், 29 அடி அகலம், எஃகு உடம்பு. நாள்கணக்கில் திறந்த கடலில் இழுத்துப் போவதற்கென்றே கட்டிய கடல் டக். மேரிலாந்து மாநிலத்தில் ஸ்பாரோஸ் பாயிண்ட் என்ற இடத்தில் மேரிலாந்து ஸ்டீல் கம்பெனி கட்டியது. 1903 நவம்பரில் தண்ணீரில் இறக்கி 1904-ல் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். வாங்கியது ஃபிலடெல்ஃபியா அண்ட் ரீடிங் என்ற ரயில் கம்பெனி.

ரயில் ஓட்டுகிறவனுக்குக் கப்பல் எதற்கு? பென்சில்வேனியா மலைகளில் ஆந்த்ரசைட் என்ற கெட்டியான, புகை குறைந்த நிலக்கரி கிடைக்கும். வடக்கே நியூ இங்கிலாந்து மாநிலங்களில் குளிர் எலும்பைத் துளைக்கும், ஆனால் நிலக்கரி கிடையாது. ரயில் கம்பெனி மலையிலிருந்து நிலக்கரியை ஃபிலடெல்ஃபியாவின் போர்ட் ரிச்மண்ட் துறை வரை கொண்டு வந்து கொட்டியது. அங்கிருந்து வடக்கே கடல் வழியாக அனுப்பினால் செலவு குறைவு. அதற்காக எஞ்சின் இல்லாத தட்டைச் சரக்குப் படகுகளான பார்ஜ்களில் நிரப்பி, இரண்டு மூன்றை வரிசையாகக் கோத்து, முன்னால் ஒரு டக் இழுத்துப் போகும். பழைய பாய்மரக் கப்பல்களை வெட்டிச் செதுக்கிப் பார்ஜ் ஆக்கியதும் உண்டு. ஒவ்வொரு பார்ஜிலும் சில பேர் இருப்பார்கள். பார்ஜ் கேப்டன் மனைவி மக்களோடு அதிலேயே குடித்தனம் நடத்துவதும் சாதாரணம்.

பெயரும் பொருத்தமாக அமைந்தது. கானஸ்டோகா என்பது பென்சில்வேனியாவின் ஒரு பூர்வகுடியின் பெயர். அங்கே ஓடும் ஓர் ஆற்றுக்கும் அதே பெயர். ரயில் வருவதற்கு முன்னால் அந்தப் பகுதியில் சரக்கு ஏற்றிப் போன பெரிய கூண்டு வண்டிகளையும் கானஸ்டோகா வண்டி என்றுதான் சொன்னார்கள். பாரம் இழுத்த வண்டியின் பெயர் பாரம் இழுக்கிற கப்பலுக்கு வந்தது.

இந்த மாதிரி டக்கின் பின்தளத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் அது தேவை. இழுவை வடம் கப்பலின் கடைசி நுனியில் கட்டப்பட்டிருக்காது. அங்கே கட்டினால் இழுக்கிற பாரம் வாலைப் பிடித்துக்கொள்ளும், டக்கால் திரும்பவே முடியாது. அதனால் கூண்டுக்குப் பின்னால், ஏறக்குறைய கப்பலின் நடுவாக்கில், வடத்தைச் சுருட்டுகிற இயந்திரமான வின்ச் இருக்கும். அங்கிருந்து கிளம்பும் வடம் பின்தளத்தின் மேல் இப்படியும் அப்படியும் அலைந்தபடி கடலுக்குள் போகும். அலைகிற வடத்துக்கு எதுவும் தடையாக இருக்கக் கூடாது. ஆகவே பின்தளம் வெறுமையாகவும் தாழ்வாகவும் இருக்கும். பாரம் ஏறாத நாளிலேயே தண்ணீர் மட்டத்துக்கு மேலே சில அடிகள்தான். கொஞ்சம் பெரிய அலை வந்தாலே பின்தளம் குளமாகிவிடும். ஓரங்களில் உள்ள திறப்புகள் வழியாகத் தண்ணீர் வடிந்தோட வேண்டும். வடிவதற்குள் அடுத்த அலை வந்துவிட்டால் கப்பல் பின்பக்கம் கனத்துக்கொண்டே போகும்.

அந்த வின்ச்சும் லேசுப்பட்டதல்ல. ஆயிரம் அடி தள்ளி இன்னொரு பாரம் தனக்கென்று ஒரு தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது வடம் ஒரு நிமிஷம் தொய்யும், அடுத்த நிமிஷம் வெடுக்கென்று இறுகும். இறுகுகிற நேரத்தில் விட்டுக்கொடுத்து, தொய்கிற நேரத்தில் சுருட்டிக்கொள்கிற நீராவி வின்ச்கள் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டன. கடலில் இழுப்பவர்களுக்கு அது உயிர்க்காப்பு. வடம் அறுந்தால் பார்ஜ் போகும். பக்கவாட்டில் இழுத்தாலோ டக்கே கவிழும்.

சரி, போருக்கு வருவோம். அமெரிக்கா 1917 ஏப்ரல் 6-ம் தேதி ஜெர்மனி மீது போர் அறிவித்தது. போர்க்கப்பல் இருந்தது, டிஸ்ட்ராயர் இருந்தது. கடற்படைக்கு இல்லாமல் போனது வேலைக்காரக் கப்பல்கள்தான். சேதமானதை இழுத்து வர, நீர்மூழ்கிகளுக்குத் துணை போக, தூரத் தளங்களுக்குப் பீரங்கியும் சாமானும் கொண்டு சேர்க்க, துறைமுக வாசலில் ரோந்து சுற்ற யாரைத் தேடுவது? போருக்கு முந்தின வருஷமே தனியாரிடம் இருக்கிற படகுகளைக் கணக்கெடுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எஸ்பி என்ற எழுத்துகளோடு அந்த எண் வரும், கரையோர ரோந்துப் பிரிவு என்பதைக் குறிக்க. பணக்காரர்களின் உல்லாசப் படகு, மீன்பிடிப் படகு, டக், ஃபெர்ரி எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. போர் வந்ததும் தேவையானதை விலைக்கோ வாடகைக்கோ எடுத்துக்கொண்டார்கள். கானஸ்டோகா எஸ்பி 1128. 1917 செப்டம்பர் 14-ல் கடற்படை அதை வாங்கி, நவம்பர் 10-ல் சேவையில் சேர்த்தது.

முன்தளத்தில் 3 அங்குல பீரங்கி ஒன்றைப் பொருத்தினார்கள். இயந்திரத் துப்பாக்கி இரண்டு. வயர்லெஸ். ஆள் கணக்கு 56. இந்த அளவு வணிக டக்கில் இதில் பாதிப்பேர் இருந்தால் அதிகம். ஆனால் பீரங்கிக்கு ஆள் வேண்டும், சிக்னலுக்கு ஆள் வேண்டும், மூன்று ஷிப்டுக்கு ஆள் வேண்டும். நிலக்கரிக் கம்பெனி மாலுமிகள் படுத்த இடத்தில் இத்தனை பேர் எப்படிப் படுத்தார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

எந்த வேலைக்கு எடுத்தார்களோ அதைக் கானஸ்டோகா நன்றாகவே செய்தது. நீர்மூழ்கிப் படையோடு சேர்த்து அட்லாண்டிக் கரையில் இழுவை வேலை. பெர்முடாவுக்கும் அஸோர்ஸ் தீவுகளுக்கும் போகிற கப்பல் கூட்டங்களுக்குத் துணை. அஸோர்ஸ் போர்ச்சுகலுக்குச் சொந்தமான தீவுக் கூட்டம், அட்லாண்டிக்கின் நடுவில் கிடக்கிறது. ஐரோப்பா வரை ஒரே மூச்சில் போக முடியாத சின்னக் கப்பல்களுக்கு இடையில் தங்கி நிலக்கரி நிரப்ப அதைவிட்டால் வேறு நல்ல இடம் இல்லை. 1917 ஜூலை 4-ல் யூ-155 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அங்கே பொன்டா டெல்காடா நகரத்தின் மேல் குண்டு வீசியது. தற்செயலாக அங்கே நின்றிருந்த ஓரியன் என்ற அமெரிக்க நிலக்கரிக் கப்பல் திருப்பிச் சுட்டது. அதன் பிறகு அமெரிக்கர்கள் அந்த ஊரில் 13-ம் எண் கடற்படைத் தளத்தை அமைத்தார்கள். போர் முடிவில் கானஸ்டோகா அந்தத் தளத்தோடுதான் இருந்தது. எஞ்சின் செத்த கப்பல்களை இழுத்து வந்து சேர்ப்பதும் துணை போவதுமாக, 1919 செப்டம்பர் 26-ல்தான் நியூயார்க் திரும்பியது. போர்நிறுத்தம் வந்து பத்து மாசத்துக்கும் மேல் ஆகியிருந்தது. இழுக்கிறவனுக்கு வேலை எப்போதும் கடைசியில்தான் முடியும்.

கடற்படைக்குப் போகாமல் கம்பெனி வேலையிலேயே இருந்த டக்குகள் பத்திரமாக இருந்தன என்று நினைக்க வேண்டாம். 1918 ஜூலை 21-ல், மாசசூசெட்ஸ் கரையில் ஆர்லியன்ஸ் ஊருக்கு எதிரே, பெர்த் அம்பாய் என்ற டக் நான்கு பார்ஜ்களை இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. அதுவும் ஒரு ரயில் கம்பெனி டக்தான். யூ-156 என்ற நீர்மூழ்கி தண்ணீருக்கு மேலே வந்து சுடத் தொடங்கியது. டக்கிலும் பார்ஜ்களிலுமாக 32 பேர், அதில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். முன்னால் சொன்ன பார்ஜ் குடும்பங்கள். எல்லாரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். பார்ஜ்கள் மூழ்கின. சில குண்டுகள் கடற்கரை மணலிலும் விழுந்தன. டக்கிடம் பீரங்கி கிடையாது, வேகமும் கிடையாது. வடத்தின் மறுமுனையில் ஆள்கள் இருக்கும்போது ஓடவும் முடியாது.

கடற்படை எடுத்த டக்குகளில் கடலே விழுங்கியதும் உண்டு. லக்கன்பாக் கம்பெனிக்காக 1891-ல் கட்டிய ஒரு டக்கைக் கடற்படை 1917-ல் வாங்கி செரோக்கி என்று பெயர் மாற்றியது. 1918 பிப்ரவரி 26-ல் டெலவேர் கரைக்கு அருகே, ஃபென்விக் தீவு விளக்குக் கப்பலுக்கு (கலங்கரை விளக்கம் மாதிரி நங்கூரமிட்டு நிற்கிற கப்பல்) பன்னிரண்டு மைல் தூரத்தில், சூறைக்காற்றில் அது மூழ்கியது. எதிரி பக்கத்திலேயே வரவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டக்குக்குக் குண்டைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர்தான் என்பது கானஸ்டோகா கிளம்புவதற்கு மூன்று வருஷம் முன்பே தெரிந்த விஷயம்.

போர் முடிந்ததும் இப்படி எடுத்த படகுகளில் பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள் அல்லது விற்றார்கள். கானஸ்டோகா நல்ல டக் என்பதால் வைத்துக்கொண்டார்கள். நார்ஃபோக் துறைமுகத்தில் வேலை கொடுத்தார்கள். 1920-ல் ஏடி-54 என்று புது எண் வந்தது. அப்புறம் ஓர் உத்தரவு: தென் பசிபிக்கில் அமெரிக்க சமோவாவுக்குப் போய், டூட்டுவிலா தீவில் நிலையக் கப்பலாக இரு.

அந்தத் தீவுகளை அப்போது கடற்படைதான் நிர்வகித்தது. தீவுகளுக்கு இடையே ஆளையும் சாமானையும் கொண்டு போக எப்போதும் ஒரு கப்பல் வேண்டும். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பாஸ்டன் வரை கரையை ஒட்டி நிலக்கரி இழுக்கக் கட்டிய டக்கை, உலகத்தின் இன்னொரு பக்கத்துக்கு அனுப்பினார்கள். அந்த முடிவில் அன்றைக்கு யாருக்கும் எந்தத் தவறும் தெரிந்திருக்காது. அஸோர்ஸ் வரை போய் வந்த கப்பல்தானே.

1920 நவம்பர் 18-ல் கிழக்குக் கரையில் ஹாம்ப்டன் ரோட்ஸை விட்டுக் கிளம்பியது. பனாமா கால்வாயைக் கடந்து 1921 ஜனவரி 7-ல் சான் டியேகோ. பிப்ரவரி 17-ல் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் உள்ளே மேர் ஐலண்ட் கடற்படைத் தளம். வழியில் வந்த பழுதுகளை அங்கே சரிபார்த்தார்கள். தலைமை அதிகாரி லெஃப்டினன்ட் எர்னஸ்ட் ஜோன்ஸ்.

மார்ச் 25, வெள்ளிக்கிழமை. மதியம் 3.25-க்குக் கோல்டன் கேட் நீரிணையைத் தாண்டியது. (பாலம் அப்போது கிடையாது, அது 1937-ல்தான் திறந்தது.) அடுத்த நிறுத்தம் ஹவாயின் பேர்ல் ஹார்பர். கிளம்புவதற்கு முன்னும் பின்னுமான நேரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 23 மைலிலிருந்து 40 மைலாக ஏறியது என்று வானிலைக் குறிப்பு சொல்கிறது. கடல் கொந்தளிப்பாக இருந்தது, அலை உயரம். அதற்குப் பிறகு அந்தக் கப்பலை யாரும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு குரல் வந்தது. சிதைந்துபோன ஒரு வயர்லெஸ் செய்தியை இன்னொரு கப்பல் பிடித்துப் பின்னால் தெரிவித்தது. புயலோடு போராடிக்கொண்டிருக்கிறோம், இழுத்து வந்த பார்ஜைக் கடல் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்பது அதன் சாரம். எந்த இடத்தில் என்பது அதில் இல்லை.

இப்போது இரண்டாவது கேள்வி: ஏன் இத்தனை காலம் கிடைக்கவில்லை? கடலின் ஆழம் காரணமே இல்லை. தேடியவர்கள் நின்று தேடிய இடம்தான் காரணம்.

ஹவாய் சுமார் 2,100 கடல் மைல். மெதுவாகப் போனாலும் ஏப்ரல் முதல் பாதிக்குள் போய்ச் சேர வேண்டும். வரவில்லை. வாரங்கள் போன பிறகுதான் பதற்றம் வந்தது. வந்த பிறகு கடற்படை சும்மா இருக்கவில்லை. சுமார் 60 கப்பல்கள், டஜன் கணக்கில் விமானங்கள், 3 லட்சம் சதுர மைலுக்கு மேல் கடல். ஆனால் கப்பல் எங்கே போய்ச் சேரவில்லையோ அங்கேதான் தேடினார்கள், ஹவாயைச் சுற்றி. அது பேர்ல் ஹார்பரின் பொறுப்பில் தொலைந்த கப்பலாக எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது.

மே 17-ல் செனட்டர் என்ற கப்பல், மெக்சிகோ கரைக்கு மேற்கே வெகுதூரத்தில், அடிபட்டுக் கிடந்த ஓர் உயிர்காப்புப் படகைப் பார்த்தது. அதன் முகப்பில் ஆங்கில 'சி' எழுத்து. இடம், வடக்கு 18 டிகிரி 15 நிமிடம், மேற்கு 115 டிகிரி 42 நிமிடம். உடனே கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியா கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே போவது. அந்தப் படகு கானஸ்டோகாவுடையதுதான் என்றால், நீரோட்டத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் வடக்கே கலிஃபோர்னியா கரைதான் வருகிறது. ஆனால் படகு மிதந்த இடத்தையே கப்பல் மூழ்கிய இடமாகப் பார்த்தார்கள்.

1921 ஜூன் 30-ல், 56 பேரோடு கப்பல் தொலைந்தது என்று கடற்படை அறிவித்தது. அமைதிக் காலத்தில் தடயமே இல்லாமல் மறைந்த கடைசி அமெரிக்கக் கடற்படைக் கப்பல் என்ற அடைமொழி அதற்கு ஒட்டிக்கொண்டது. உடல் இல்லை, இடம் இல்லை. எந்தச் சமுத்திரத்தில் பூ போடுவது என்றுகூடத் தெரியாத நிலையில் 56 குடும்பங்கள் இருந்தன. ஒரு தலைமுறை அப்படியே போய்ச் சேர்ந்தது.

கப்பல் கிடந்த இடம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டரை ஒட்டி, ஃபாரலோன் தீவுகளின் பக்கம். தென்கிழக்கு ஃபாரலோன் தீவிலிருந்து 3 மைல். ஆழம் 189 அடி. அந்தத் தீவில் 1855-லிருந்தே கலங்கரை விளக்கம் எரிகிறது. அன்று இரவும் எரிந்திருக்கும். ஹவாய்க்குப் போகிற கப்பல், கிளம்பி ஒரு முழு நாள்கூட ஆவதற்குள், பயணத்தின் முதல் ஐம்பதில் ஒரு பங்கைக்கூட முடிக்காத இடத்தில் மூழ்கியிருக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

2009-ல் அமெரிக்க அரசின் கடல்-வளிமண்டல நிர்வாகம், நோவா என்பார்கள், அந்தப் பகுதியில் கடலடியை ஒலி அலைகளால் அளந்தது. வரைபடத்தில் இல்லாத ஒரு கப்பல் உருவம் தட்டுப்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய கடலில் சுமார் 300 கப்பல்கள் மூழ்கிக் கிடப்பதாகக் கணக்கு. அதனால் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. 2014 செப்டம்பரில் அந்தப் பகுதிச் சிதைவுகளைப் பதிவு செய்யும் வேலை தொடங்கியபோது, கேமரா பொருத்திய ஆளில்லா நீர்மூழ்கிக் கருவியை அங்கே இறக்கினார்கள். கடல் தொல்லியல் அறிஞர் ஜேம்ஸ் டெல்காடோவும் ராபர்ட் ஷ்வெம்மரும் அந்தப் பணியை வழிநடத்தினார்கள்.

திரையில் தெரிந்ததை நான் படங்களில் பார்த்திருக்கிறேன். எஃகு உடம்பு பெருமளவு முழுசாகவே நிற்கிறது. மரத்தால் ஆன மேல்கூண்டு மக்கி உள்ளே சரிந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் வெள்ளை வெளேரென்ற கடல் சாமந்திகள் (பூ மாதிரி தெரிகிற கடல் உயிர்கள்), காலிஃப்ளவர் பூத்த மாதிரி. அதற்கு நடுவே பின்பக்கம் ஒரு பெரிய இழுவை வின்ச், வடம் சுற்றுகிற இரட்டைக் கட்டைகள், நீராவிக் கொதிகலன் இரண்டு, நாலு இறக்கை வைத்த பிரம்மாண்டமான ப்ரொப்பெல்லர். அதன் விட்டம் 12 அடி 3 அங்குலம். சரக்குக் கப்பலுக்கு இந்த நீளத்தில் இவ்வளவு பெரிய ப்ரொப்பெல்லர் எதற்கு? அத்தனையும் சொன்னது ஒன்றுதான்: இது ஒரு கடல் டக். பழையது, பெரியது.

ஆனால் எந்த டக்? கலிஃபோர்னியா கரையில் இந்த அளவு டக் மூழ்கியதாகப் பதிவே கிடையாது. கானஸ்டோகாவை யாரும் அந்தப் பட்டியலில் வைத்துப் பார்க்கவில்லை, அது ஹவாய்ப் பக்கம் போனது அல்லவா. பழைய ஆவணங்களையும் புகைப்படங்களையும் தோண்டத் தோண்ட அந்தப் பெயர் மேலே வந்தது. அளவு பொருந்தியது. பக்கவாட்டு ஜன்னல் வட்டங்களின் இடைவெளி 1921-ல் எடுத்த படத்தோடு பொருந்தியது. இருந்தாலும் இதெல்லாம் வேறொரு டக்குக்கும் பொருந்தலாம்.

2015 அக்டோபரில் மறுபடி கருவியை இறக்கினார்கள், கடற்படையும் சேர்ந்துகொண்டது. இந்தத் தடவை முன்பக்கத்தைத் தேடினார்கள். பாலம் என்று சொல்கிற சுக்கான் அறைக்கு முன்னால், சாமந்திகள் மூடிய ஒரு நீண்ட குழல். 3 அங்குல பீரங்கி.

நிலக்கரி இழுக்கிற டக்கில் பீரங்கி இருக்காது. போர்க்கப்பலில் அந்த மாதிரி இழுவை வின்ச் இருக்காது. 1904-ல் ரயில் கம்பெனி வைத்தது பின்னால் இருந்தது, 1917-ல் கடற்படை வைத்தது முன்னால் இருந்தது. இரண்டும் ஒரே எஃகு உடம்பில் இருக்கிற, இந்தக் கடலில் தொலைந்த கப்பல் ஒன்றே ஒன்றுதான். போருக்காக அவசரமாக மாட்டிய பொருள் அது. எந்த நீர்மூழ்கியையும் அது மூழ்கடித்ததில்லை. ஆனால் தான் இருந்த கப்பலின் பெயரை 94 வருஷம் கழித்துச் சொன்னது.

இனி, எப்படி மூழ்கியது? சாட்சி யாரும் இல்லை. சிதைவு கிடக்கிற இடத்தையும் அது நோக்கியிருக்கிற திசையையும் வைத்து நோவாவும் கடற்படையும் சொல்வது இது: தென்கிழக்கு ஃபாரலோன் தீவில் காற்றுக்கு மறைவான ஒரு சின்ன உட்குடா இருக்கிறது, அதற்குள் ஒதுங்கப் போகும்போது மூழ்கியிருக்கிறார்கள். எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது. மாலுமிகள் அந்தப் பாறைகளைப் பிசாசின் பற்கள் என்பார்கள். அந்த உட்குடாவின் வாசலைச் சுற்றி 1858-க்கும் 1907-க்கும் இடையில் ஐந்து கப்பல்கள் உடைந்திருக்கின்றன. புயலில், அதுவும் இருட்டில், அதற்குள் நுழையப் பார்ப்பவர்களுக்கு வேறு வழி எல்லாம் அடைபட்டிருக்க வேண்டும்.

ஏன் திரும்பி சான் ஃபிரான்சிஸ்கோவுக்கே வரவில்லை என்று கேட்பார்கள். தண்ணீர் உள்ளே ஏறத் தொடங்கிவிட்ட நீராவிக் கப்பலுக்குக் கெடு மிகக் குறைவு. கொதிகலன் அறையில் அந்தத் தண்ணீர் ஏறி அடுப்பைத் தொட்டுவிட்டால் நெருப்பு அணையும். நெருப்பு அணைந்தால் நீராவி இல்லை. நீராவி இல்லையென்றால் எஞ்சின் நிற்கும், தண்ணீரை வெளியேற்றும் பம்பும் நிற்கும், விளக்கும் வயர்லெஸ்ஸும் போகும். அதுவரைதான் அது கப்பல். நாற்பது கிலோமீட்டர் திரும்பிப் போக நேரம் இருக்காது என்று தெரிந்தவர்கள்தான் ஐந்து கிலோமீட்டரில் கண்ணுக்குத் தெரிகிற விளக்கை நோக்கித் திருப்புவார்கள்.

பீரங்கியின் கனம்தான் கவிழ்த்ததா என்றும் சிலர் கேட்கிறார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. அதே பீரங்கியோடு வட அட்லாண்டிக்கில் குளிர்காலங்களைப் பார்த்த கப்பல் அது. தாழ்ந்த பின்தளம், வெளிக்கடலின் அலை, கிளம்பும்போதே ஏறிக்கொண்டிருந்த காற்று, பின்னால் ஒரு பார்ஜ், இந்த நாலும் போதும். பார்ஜ் அறுந்தது நல்லதற்கு என்று தோன்றலாம். ஆனால் அறுந்த வடம் பின்னால் தொங்கி ப்ரொப்பெல்லரில் சிக்குவது டக்குக்காரர்களின் பழைய பயம். அப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை. அன்று இரவு அந்த 56 பேரும் யோசிக்க வேண்டியிருந்தவற்றில் அதுவும் ஒன்று.

2016 மார்ச் 23-ல் வாஷிங்டனில் கடற்படை நினைவகத்தில் அறிவித்தார்கள். கோல்டன் கேட்டைத் தாண்டிய நாளின் 95-ம் ஆண்டுக்கு இரண்டு நாள் முன்பு. மாலுமிகளின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். தாத்தாவை, பெரிய தாத்தாவைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். அவர்களுக்கு முதல் தடவையாக ஓர் இடம் சொல்லப்பட்டது.

அந்த இடத்தைத் தோண்ட மாட்டார்கள், எதையும் மேலே எடுக்கவும் மாட்டார்கள். மூழ்கிய ராணுவக் கலங்களைக் காக்கும் 2004-ம் வருஷச் சட்டம் கானஸ்டோகாவுக்கும் பொருந்தும். அது கிடக்கும் கடலும் பாதுகாக்கப்பட்ட கடல் சரணாலயம். முன்னால் பீரங்கி, பின்னால் வின்ச், இரண்டும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.